என்பு நாடும் கதிர்மருந்துகள்

உடலுறுப்புக்களுள் என்பை உயிரற்ற தூணாகக் கருதும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. தசை வளரும், தேயும், குருதி ஓடும், என்போ ஒருமுறை அமைந்தபின் வீட்டின் வளைமரம் போல மாற்றமின்றிக் கிடக்கும் என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தைத் தகர்த்த பரிசோதனையின் முடிபு 1935ஆம் ஆண்டிலே கொப்பன்ஹேகன் நகரிலிருந்து வெளிவந்தது. ஹங்கேரியிற் பிறந்த இரசாயன அறிஞர் ஜோர்ஜ் டி ஹெவெசியும் அவருடன் பணியாற்றிய சியெவிற்ஸும் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசை எலிகளுக்கு ஊட்டி, அஃது உடலில் எங்கெங்கே செல்கின்றது என்பதைக் கருவிகொண்டு அளந்தனர். வளர்ந்த எலியின் என்பிலும் புதிய பொசுபரசு அணுக்கள் வந்து குடியேறுவதையும், பழையன விலகிச் செல்வதையும் அவர்கள் கண்டனர். என்பு தூண் அன்று. நாடோறும் கொள்வனவும் விற்பனவும் நடைபெறும் சந்தை என்றே அதனைச் சொல்லவேண்டும்.

இச்சந்தைக்குள்ளே கதிர்வீசும் அணுக்களை அனுப்பி, புற்றுநோயால் என்பில் எழும் வேதனையைத் தணிக்கும் மருத்துவமுறை ஒன்று உண்டு. எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையதாயினும் நம்மிடையே அஃது அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் இருவகைத் தவறான கருத்துக்கள் குறுக்கிடக் காணலாம். நோயை அடியோடு நீக்கும் மருந்து என்பது ஒன்று. நோயாளியை நெருங்கத்தகாதவராக்கும் நஞ்சு என்பது மற்றொன்று. அம்மருந்து உண்மையில் யாது செய்கின்றது, யாது செய்யாது, அதற்கு உடல் கொடுக்கும் விலை என்ன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே நிற்பதில்லை. அதன் கலங்கள் குருதியோடு கலந்து தொலைவிலுள்ள உறுப்புக்களிற் சென்று தங்குகின்றன. எனினும் எல்லா உறுப்புக்களிலும் அவை ஒரே வகையாகத் தங்குவதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ரீபன் பஜெற் மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் குறிப்புக்களை ஆராய்ந்து, 1889இல் ஒரு கருத்தை வெளியிட்டார். விதைகள் எத்திசையிலும் பறக்கும்; ஆயின் ஏற்ற நிலத்தில் விழுந்தவையே முளைக்கும் என்பது அவர் கண்ட உவமை. வயலும் வரம்பும் கண்ட நமக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. மார்பகம், நுரையீரல், ஆண்களிடத்துச் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த முன்னிற்குஞ் சுரப்பி ஆகியவற்றில் எழும் புற்றுக்களுக்கு என்பு மிகவும் இசைந்த நிலம். முள்ளந்தண்டு, இடுப்பென்பு, விலாவென்புகள், தொடையென்பின் மேற்பகுதி ஆகிய இடங்களே பெரும்பாலும் இலக்காகின்றன. குருதியை ஆக்கும் செம்மச்சை நிறைந்த இடங்களும் இவையே என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் இது வேண்டப்படும்.

என்பிற் குடியேறிய புற்றுக்கலம் தானே என்பை அரித்துவிடுவதில்லை. என்பைக் கரைக்கும் கலங்களும் என்பைக் கட்டும் கலங்களும் இயல்பாகவே நம் உடலில் உள்ளன. முன்னவை பழைய என்பை அகற்றப் பின்னவை புதியதை இடுகின்றன. புற்றுக்கலம் சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து இவ்விரு கூட்டத்தாரின் ஒழுங்கையும் குலைக்கின்றது. சிறுநீரகப் புற்றிற் கரைத்தல் மேலோங்கும். முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றில் ஒழுங்கற்ற கட்டுதல் மேலோங்கும். மார்பகப் புற்றில் இரண்டும் கலந்து காணப்படும். கரைக்கும் கலங்கள் அமிலத்தை வெளிவிடுகின்றன; அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பெருகுகின்றன; நலிந்த என்பிலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கள் உண்டாகின்றன; நரம்பு செறிந்த என்புச் சவ்வு இழுபடுகின்றது. இவை யாவும் சேர்ந்தே வேதனையாகின்றன. இரவிற் படுக்கையில் மிகுவதும், சற்றே திரும்பினும் வெட்டுவதுபோல எழுவதும் இவ்வேதனையின் இயல்பு.

மோபீன் முதலிய மருந்துகள் இதனைத் தணிக்கும். அவற்றை அஞ்சாது, உரிய அளவில், உரிய வேளையிற் கொடுக்கவேண்டும் என்பது வைத்திய உலகின் ஒருமித்த கருத்து. ஆயினும் மலச்சிக்கலும் மயக்கநிலையும் அவற்றோடு வருவன. வேதனை ஓரிடத்தில் மட்டும் இருப்பின் வெளியிலிருந்து செலுத்தும் கதிர்ச்சிகிச்சை மிகச் சிறந்தது. 8 கிரே அளவை ஒரே முறையிற் செலுத்துவதே பலருக்குப் போதுமானதெனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்று முதுகில், நாளை விலாவில், அடுத்த வாரம் இடுப்பில் எனப் பத்து இடங்களில் வேதனை எழுந்தால் என்செய்வது? ஒவ்வோர் இடத்தையும் தேடிச் சென்று கதிர் செலுத்துதல் இயலாது. கதிரே அவ்விடங்களைத் தேடிச் செல்லுமாறு செய்யவேண்டும்.

அவ்வாறு செய்வதற்கு வழிகாட்டுவது நம் மாணவர் வகுப்பறைச் சுவரிற் காணும் ஆவர்த்தன அட்டவணையே. அதன் இரண்டாங் கூட்டத்திலே கல்சியம், ஸ்ரொன்சியம், பேரியம், இரேடியம் என்னும் மூலகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் புறவோட்டில் இரண்டு இலத்திரன்கள். ஆகவே இரசாயன நடத்தையில் அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த நுண்பளிங்குகளால் ஆகிய என்பு, கல்சியத்துக்குரிய இடத்தில் ஸ்ரொன்சியம் வந்து நின்றாலும் அதனை விலக்குவதில்லை. இரேடியத்தையும் அவ்வாறே ஏற்றுக்கொள்கின்றது. ஸ்கொத்லாந்திலுள்ள ஸ்ரொன்சியன் என்னும் சிற்றூரின் சுரங்கக் கனியத்திலிருந்து 1790இல் இனங்காணப்பட்டு, 1808இல் ஹம்பிரி டேவியாற் பிரித்தெடுக்கப்பட்ட மூலகம், அவ்வூரின் பெயரோடு மனிதரின் என்புக்குட் புகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

என்பின் இவ்வேமாற்றம் முதலில் மனிதருக்குத் தீமையாகவே வெளிப்பட்டது. 1920களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், இருளில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு இரேடியம் கலந்த வர்ணந் தீட்டிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்குவதற்காக உதட்டில் வைத்தனர். நாடோறும் சிறிது சிறிதாக உட்சென்ற இரேடியம் அவர்களின் என்புகளிற் படிந்தது. தாடையென்பு அழுகியது, குருதி குன்றியது, பின்னாளிற் சிலருக்கு என்பிலே புற்று எழுந்தது. வைத்தியர் ஹரிசன் மாற்லண்ட் 1925இல் இதனை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அதன்பின், 1950களில் அணுகுண்டுப் பரிசோதனைகளால் வானிற் பரந்த ஸ்ரொன்சியம் 90 புல்லில் வீழ்ந்து, பசுவின் பாலிற் சேர்ந்து, குழந்தைகளின் பற்களிற் குடிபுகுந்தது. அமெரிக்க நகராகிய சென் லூயிசிலே 1958இல் தொடங்கிய முயற்சியொன்றில் விழுந்த பாற்பற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். வளிமண்டலத்தில் அத்தகைய பரிசோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை 1963இல் உருவாவதற்கு இக்கவலையும் ஒரு காரணமாயிற்று.

தீமைக்கு வாயிலாகிய இதே பண்பை நன்மைக்குப் பயன்படுத்தலாம் என்று முதலிற் செயலிற் காட்டியவர் சாள்ஸ் பெஷே என்னும் பெல்ஜிய வைத்தியர். கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலே சைக்கிளோத்திரன் என்னும் பொறியால் ஆக்கிய கதிர்வீசும் கல்சியத்தையும் ஸ்ரொன்சியம் 89ஐயும் அவர் விலங்குகளிற் செலுத்தி, இரண்டும் என்பிலே ஒத்த வகையிற் சேர்வதைக் கண்டார். பின்னர், முன்னிற்குஞ் சுரப்பிப் புற்று என்பிற் பரவியிருந்த நோயாளி ஒருவருக்கு ஸ்ரொன்சியம் 89ஐக் கொடுத்தார். இப்பணி தொடங்கிய நிலையிலேயே, 1941இல், முப்பது வயதையும் எட்டாது அவர் இறந்தார். அவருடைய முதலறிக்கை 1942இல் வெளிவந்தது. உலகம் போரில் மூழ்கியிருந்த காலம் அது. சமாதான காலத்திலும் அம்மருந்தைத் தொடர்ந்து கையாண்டவர் இல்லை. 1970களிலே செருமானிய வைத்தியர்கள் அதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். 1993இல் ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அரை நூற்றாண்டு வீணே கழிந்ததை நினைக்குந்தோறும், ஓர் அறிவியற் கருத்து வாழ்வதற்கு அதன் உண்மை மட்டும் போதாது என்று தோன்றுகின்றது.

இடைக்காலத்தில் வெறுங்கை காட்டியிருந்தனர் என்றும் சொல்லுதற்கில்லை. கதிர்வீசும் பொசுபரசு 32 என்பு வேதனைக்குப் பல்லாண்டு வழங்கப்பட்டது. வேதனை தணிந்தது உண்மை. ஆனாற் பொசுபரசு என்புப் பளிங்கோடு நில்லாது, விரைந்து பெருகும் கலங்களின் உள்ளேயும் புகுவது. குருதியாக்கும் மச்சையை அது கடுமையாகத் தாக்கியது. ஸ்ரொன்சியம் பெருமளவுக்கு என்புப் பளிங்கோடே நிற்பதனால் அதனினும் ஏற்றதாயிற்று.

ஒரே மூலகத்தின் அணுக்கள் இரசாயனத்தில் ஒன்றுபோல இருந்தும் நிறையில் வேறுபடின் அவற்றைச் சமதானிகள் என்பர். இயற்கையிலுள்ள ஸ்ரொன்சியம் கதிர் வீசுவதில்லை. அதன் சமதானியாகிய ஸ்ரொன்சியம் 89 பீற்றாத் துணிக்கைகளை, அஃதாவது விரைந்து செல்லும் இலத்திரன்களை, வீசுகின்றது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 50 நாள். அத்துணிக்கைகள் இழையத்தினுட் சில மில்லிமீற்றர் தூரமே சென்று ஓய்ந்துவிடும். வழக்கமாகக் கொடுக்கும் அளவு 148 மெகாபெக்கரெல். அஃதாவது செக்கனுக்கு 14.8 கோடி அணுக்கள் சிதையும் அளவு. இவ்வளவு சிதைவையும் தரும் தூய ஸ்ரொன்சியம் 89இன் நிறையைக் கணித்துப் பார்ப்பின், ஒரு கிராமை எழுபது இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே! இதனை நாளத்தில் ஒருமுறை ஊசிமூலம் ஏற்றுவதோடு சிகிச்சை முடிந்துவிடும். பரவிய புற்றைச் சூழ்ந்த என்பிலே புதிய பளிங்கு மிகுதியாக இடப்படுவதால், அங்கே மருந்து பன்மடங்கு சேர்கின்றது. நீண்டநாள் தங்கியும் விடுகின்றது. நல்ல என்பிற் சேர்ந்தது விரைவில் வெளியேறும். சேராத பகுதி பெரும்பாலும் சிறுநீரோடு கழியும்.

வேதனை அன்றே தணியுமென்று எதிர்பார்த்தல் கூடாது. ஸ்ரொன்சியத்தின் பயன் தோன்ற ஒன்று தொடக்கம் மூன்று வாரம் செல்லும். நோயாளருட் சிலருக்கு முதற் சில நாள்களில் வேதனை முன்னிலும் மிகுவதும் உண்டு. இதனை முன்கூட்டியே சொல்லிவைக்காவிடின் நோயாளியும் வீட்டாரும் மனமுடைந்துபோவர். வழக்கமான வேதனைத் தணிப்பு மருந்துகளைச் சற்றே கூட்டி அந்நாள்களைக் கடத்தலாம். பின்னர் பத்துப் பேரில் ஆறு தொடக்கம் எட்டுப் பேர் வரை ஓரளவேனும் தணிவு காண்கின்றனர். முற்றாக வேதனை நீங்குபவர் அவருள் ஒரு சிறு பகுதியினரே. தணிவு சில மாதங்கள் நிலைக்கும். கட்டி சுருங்குவதால் மட்டும் இத்தணிவு உண்டாவதாகத் தெரியவில்லை. கட்டியின் அளவிற் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுமுன்னரே வேதனை குறைந்தவர் உளர். அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் கலங்களையும் என்பைக் கரைக்கும் கலங்களையும் கதிர் அடக்குவதே முதற் காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. இம்மருந்து புற்றை ஒழிப்பதற்கன்று, வேதனையைத் தணிப்பதற்கே என்பதை இது தெளிவாக்கும். ஒருவர் இரவில் உறங்கவும், தாமே எழுந்து கிணற்றடிக்குச் செல்லவும், மோபீனின் அளவைக் குறைத்துப் பேரப்பிள்ளைகளோடு தெளிந்த அறிவுடன் உரையாடவும் இயலுமாயின், அதனைச் சிறு பயன் என்று எவர் சொல்வார்?

என்பை நாடுவதற்கு வேறொரு வழியும் உண்டு. பொசுபேற்றை ஒத்த பொசுபனேற்றுச் சேர்வைகள் என்புப் பளிங்கின் புறத்தே பற்றிக்கொள்வன. அவற்றிலே கதிர்வீசும் உலோக அணுவைப் பிணைத்துவிட்டால், அவை அதனைச் சுமந்துசென்று என்பிற் சேர்க்கும். 1971இலே நியூ யோக் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரிற் சுப்பிரமணியன், மக்கபி என்னும் இருவரும் பொசுபேற்றுச் சேர்வையொன்றில் தெக்னீசியம் 99எம் என்னும் சமதானியைப் பிணைத்து, என்புக்கூட்டை முழுமையாகப் படம்பிடிக்கும் முறையை வகுத்தனர். நோய்ப்பட்ட இடங்கள் அப்படத்திற் கரும்புள்ளிகளாகத் தெரியும். படம்பிடிக்கும் அணுவுக்குப் பதிலாகச் சுடும் அணுவை வைத்தால் அதே ஊர்தி மருந்தாகிவிடுகின்றது. சமாரியம் 153 அவ்வாறு எழுந்தது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியின் பயனாக வந்து, 1997இல் அங்கே அனுமதி பெற்றது. இதன் அரைவாழ்வு 46 மணித்தியாலம். ஆகவே விரைந்து வேலை செய்து விரைந்து அடங்கும். ஒரு வாரத்துக்குள்ளேயே தணிவு தோன்றக்கூடும். பீற்றாவோடு காமாக் கதிரையும் வீசுவதால், மருந்து எங்கே சென்றது என்பதைப் படத்திலும் காணலாம். இரேனியம் 186, இரேனியம் 188, லுற்றீசியம் 177 என்பனவும் இவ்வரிசையிற் பின்வந்தவை.

எந்த ஊர்தியாயினும் ஒரு நிபந்தனை உண்டு. தெக்னீசியப் படத்திலே கரும்புள்ளியாகத் தெரியாத இடத்துக்கு இம்மருந்துகளும் செல்லா. படத்தில் ஒன்றுமில்லை, ஆயினும் வேதனை உண்டு என்றால், அவ்வேதனைக்கு இதுவன்று மருந்து. கரைத்தல் மட்டுமே நிகழும் சில புற்றுக்களிற் பயன் குறைவதும் இதனாலேயே.

இனி, உடல் கொடுக்கும் விலையைக் காண்போம். செம்மச்சை நிறைந்த என்புகளையே புற்று நாடுகின்றது என்று முன்னே கூறினோம். மருந்தும் அங்கேயே செல்வதாற் பீற்றாத் துணிக்கைகளிற் சில மச்சையைச் சுடுகின்றன. குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களும் வெண்கலங்களும் குறைகின்றன. ஸ்ரொன்சியத்தில் இக்குறைவு மெல்ல வந்து, மூன்று நான்கு மாதமளவில் அடித்தளத்தைத் தொட்டு, மெல்லவே மீளும். சமாரியத்தில் மூன்று தொடக்கம் ஐந்து வாரத்திற் குறைந்து, எட்டு வாரமளவிற் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆதலாற் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குருதியைப் பலமுறை சோதித்தல் இன்றியமையாதது. சிறுதட்டுக்கள் முன்னரே குன்றியவர், சிறுநீரகம் நலிந்தவர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. முண்ணாண் நெருக்குண்டு கால் மரத்துப்போகும் நிலையிலோ, என்பு முறியும் தறுவாயிலோ உள்ளவருக்கு முதலில் வேண்டுவது சத்திரசிகிச்சையோ வெளிக்கதிர்ச் சிகிச்சையோ ஆகும். அவரை ஊசிமருந்துக்காகக் காத்திருக்கச் செய்தல் பெருந்தவறு.

இவ்விடத்தில் எம்முடைய கருத்தொன்றையும் கூற விழைகின்றோம். இம்மருந்தை எல்லாச் சிகிச்சைகளும் கைவிட்டபின் எஞ்சிய கடைசிப் புகலிடமாக வைத்தல் பொருத்தமற்றது. பல இரசாயன மருந்துகளால் மச்சை ஏலவே வறண்டுபோன நிலையில் இதனைக் கொடுக்க வைத்தியர் துணியார். வாழ்நாள் சில வாரங்களே எஞ்சியிருப்பின், பயன் தோன்றுமுன்னரே நோயாளி இறந்துவிடுவார். இரண்டு மூன்று மாதமேனும் வாழ்வர் என்று எதிர்பார்க்கப்படுவோர்க்கே இஃது உரியது. "இப்போது வேண்டாம், பின்னர் பார்ப்போம்" என்று தள்ளிவைப்பதே பலருக்கு இதனை எட்டாக் கனியாக்கிவிடும்.

பீற்றாத் துணிக்கை சில மில்லிமீற்றர் சென்று மச்சையைச் சுடுகின்றது எனின், அதனினும் குறுகிய தூரம் செல்லும் துணிக்கையைத் தேடுவதுதானே முறை? அல்பாத் துணிக்கை அத்தகையது. எடைமிகுந்த அது, ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த தூரத்துள், சில கலங்களின் அகலத்துள், தன் வலிமை முழுவதையும் கொட்டிவிடும். நோர்வே நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து வளர்த்த இரேடியம் 223 இவ்வகையைச் சேர்ந்தது. அரைவாழ்வு 11.4 நாள், நிலையான ஈயமாக மாறுவதற்குள் ஓரணுவிலிருந்து நான்கு அல்பாத் துணிக்கைகள் வெளிப்படுகின்றன. நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு ஊசிகள் ஏற்றுவர். ஆண்மைச் சுரப்பைக் குறைக்கும் சிகிச்சைக்கு அடங்காத முன்னிற்குஞ் சுரப்பிப் புற்று என்பிற் பரவி வருத்திய 921 ஆடவரிடத்து நடந்த பெரும் ஆய்வு 2013இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14.9 மாதம், பெறாதோரின் இடைநிலை வாழ்நாள் 11.3 மாதம். வேதனையைத் தணிப்பதோடு நின்ற இவ்வகை மருந்துகளுள், வாழ்நாளையும் சிறிது நீட்டியதாக நிறுவப்பட்டது இதுவே முதலாவது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கடிகாரப் பெண்களின் தாடையை அரித்த மூலகமா மருந்தாகியது என்று வியப்புறலாம். அப்பெண்களின் என்பிற் படிந்த இரேடியம் 226இன் அரைவாழ்வு 1,600 ஆண்டு. அது சாகும்வரை அவர்களை விட்டு நீங்கவில்லை. இரேடியம் 223 இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே வேறொரு சமதானியின் கதையும் உண்டு. அதன் தொடக்கத்தில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. கலைவரலாற்றால் இன்று அறியப்படும் ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கையின் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தபோது, 1904இலே தோரியனைற்று என்னும் புதிய கனியத்தைக் கண்டறிந்தார். அக்கனியத்திலிருந்து பெற்ற பொருளை இலண்டனில் வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்த இளைஞர் ஒற்றோ ஹான், 1905இல் இரேடியோதோரியத்தை வெளிப்படுத்தினார். அதன் வழித்தோன்றலே இரேடியம் 224. செருமனியில் 1940களில் இதனை என்புக் காசநோயுற்ற சிறுவர்க்கு மிகுந்த அளவிற் கொடுத்தனர். அவர்களுட் பலர் பின்னாளில் என்புப் புற்றுக்கு ஆளாயினர். வளரும் என்பு வேறு, முதியவரின் என்பு வேறு என்பதையும், கதிர்மருந்தை நல்ல நோக்கம் மட்டும் காக்காது என்பதையும் வைத்தியர் அதிலிருந்து கற்றனர்.

கற்றது போதவில்லை என்பதைப் பிற்கால நிகழ்ச்சி காட்டியது. இரேடியம் 223ஐ அபிராற்றரோன் என்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சேர்த்துப் பெற்றோருள் நூற்றுக்கு 29 பேருக்கு என்பு முறிவு நேர்ந்தது. அபிராற்றரோன் மட்டும் பெற்றோருள் இது நூற்றுக்கு 11. ஆய்வின் இரகசியத்தை 2017இல் முன்னதாகவே திறந்துவிட்டனர். அடுத்த ஆண்டில் ஐரோப்பிய மருந்து நிறுவனம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. என்பை வலுப்படுத்தும் மருந்துகளை உடன்கொடுத்தால் இவ்வாபத்துக் குறையும் என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றைக் கட்டாயமாக்கி எனசலுற்றமைட்டு என்னும் வேறொரு மருந்தோடு இரேடியத்தைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2024இல் நற்பயனை அறிவித்தது. இதற்கிடையில் லுற்றீசியம் 177ஐ என்புக்கன்றிப் புற்றுக்கலத்தின் புறத்தேயுள்ள ஒரு புரதத்துக்கே நேராக அனுப்பும் முறை 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வேறு நெறி, தனிக் கட்டுரைக்குரியது.

இலங்கையில் அணுவுலை இல்லை. ஆகவே இச்சமதானிகள் கடல்கடந்தே வரவேண்டியவை. வானூர்தி நிலையத்தில் இரண்டு நாள் தங்கிய சமாரியத்திற் பாதி அங்கேயே அழிந்துவிடும். ஸ்ரொன்சியமோ அவ்வாறன்று, ஆயின் அதனை ஆக்குதல் கடினம், விலையும் அதிகம். இரண்டுக்கும் நடுவே 6.6 நாள் அரைவாழ்வுடைய லுற்றீசியம் 177 நிற்கின்றது. மும்பைக்கு அருகிலுள்ள துரொம்பேயின் அணுவுலையில் இந்திய அறிஞர்கள் அதனை ஆக்கி, பொசுபனேற்றோடு பிணைத்து என்பு வேதனைக்குப் பயன்படுத்தியுள்ளனர். அணுவுலையற்ற அயல்நாடுகளுக்கு ஏற்ற அரைவாழ்வு இதுவேயென்பது எம் எண்ணம்.

மருந்தேற்றி வீடு திரும்பியவரை எவ்வாறு நடத்துவது? பீற்றா, அல்பாத் துணிக்கைகள் உடலுக்குள்ளேயே ஓய்ந்துவிடுவதால், ஸ்ரொன்சியமோ இரேடியமோ பெற்றவருக்கு அருகில் அமரலாம், கையைப் பிடிக்கலாம், ஒரே பந்தியில் உண்ணலாம். காமாவும் வீசும் சமாரியம், லுற்றீசியம் என்பன பெற்றவர், வைத்தியர் குறிக்கும் சில நாள்களுக்குக் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நீண்ட நேரம் நெருங்கியிராமல் இருத்தல் போதும். கவனிக்கவேண்டியது கழிவுகளையே. முதல் வாரத்தில் ஆடவரும் அமர்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை நீரூற்றி, கையை நன்கு கழுவவேண்டும். சிறுநீரோ குருதியோ பட்ட துணியைக் கையுறை அணிந்து தனியே துவைக்கவேண்டும். இரேடியம் பெரும்பாலும் மலத்தோடு கழிவதால் அதற்கும் இவ்வொழுங்கே. இவ்வளவுக்காக ஒருவரைப் புறத்திண்ணையில் ஒதுக்கி, அவருடைய கிண்ணத்தையும் வேறாக்கி வைப்பது, என்பு வேதனையோடு மனவேதனையையும் சேர்ப்பதாகும்.

இறந்தவரை எரிக்கும் நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. தீ கதிர்த்தொழிற்பாட்டை அழிப்பதில்லை. என்பிற் சேர்ந்த மருந்து சாம்பலிலேயே நிற்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வேறொரு புற்றுக்காக லுற்றீசியம் 177 பெற்ற சில நாள்களுள் இறந்த ஒருவரை 2017இலே தகனஞ் செய்தபோது, அம்மருந்தின் எச்சம் தகன அறையிலும் கருவிகளிலும் கண்டறியப்பட்டது. அவர் சிகிச்சை பெற்றிருந்த செய்தி அங்கிருந்தோருக்குத் தெரிந்திருக்கவில்லை. சமாரியம் பெற்று இரண்டு வாரம் கழிந்திருப்பின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே எஞ்சும். ஸ்ரொன்சியத்திலோ 50 நாளின் பின்னரும் பாதி அழியாது நிற்கும். ஆகையால், மருந்து பெற்ற நாளையும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய துண்டை வீட்டில் வைத்திருத்தல் நன்று. நோயாளி அண்மையில் இறக்க நேரின், தகனத்துக்கு முன்னர் சிகிச்சையளித்த வைத்தியசாலைக்கு அறிவித்து, காடாற்றில் என்பு பொறுக்குவோர் கையுறை அணியவேண்டுமா, சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைக்குமுன் எத்தனை நாள் மூடிய கலத்தில் வைத்திருக்கவேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்து நடத்தல் வேண்டும்.